ஈரத்துக்கு அஞ்சு கிலோ

1. முதலாளி வைத்த கெடு

“செல்வம், சனிக்கிழமைக்குள்ள அந்த வேகன் போகணும். இல்லேன்னா நீ போகணும். ஹரித?”

ஒரு திங்கட்கிழமை காலை, பிளேன் டீயைக் குடித்துக்கொண்டே எங்கள் முதலாளி இப்படிச் சொன்னார். சொன்னது சிங்களத்தில். நான் தமிழில் எழுதுகிறேன். அந்த “ஹரித”வை மட்டும் விட்டுவிட மனமில்லை. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் கடைசியில் “சரியா?” என்று நம்மிடமே சம்மதம் கேட்கிற மனிதர் அவர்.

இரத்தினபுரியில் பழைய வாகனங்களை வாங்கி விற்கிற யார்ட் எங்களுடையது. றக்வானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களிடம் தமிழில் பேச ஓர் ஆள் வேண்டும் என்றுதான் என்னைச் சேர்த்தார்கள். இந்தக் கதை நடந்தபோது எனக்குச் சேவை பதினேழு வருடம், வயது நாற்பத்தேழு. இந்த வயதில் இன்னொரு யார்ட்டில் போய் வேலை கேட்டால் கேட்டைத் திறந்து மூடுகிற வேலைதான் கிடைக்கும். வீட்டில் மகள் ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே “ஹரி மாத்தயா”, சரி ஐயா, என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அந்த வெள்ளை வேகன் முன்னால் நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

அதை வாங்கச் சொன்னவனே நான்தான். அதுதான் முதலாளிக்குக் கோபம். வெளிநாட்டு வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம் அது. நான்கு சில்லும் ஒரு ஸ்டியரிங்கும் இருந்தால் போதும், எது வந்தாலும் விற்றது. இது மட்டும் எட்டு மாதமாக மாமரத்தடியில் நின்று, கூரையில் காக்கைக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

2. வேகன் என்றால் என்ன

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் வேனையும் வேகனையும் குழப்பிக்கொள்கிறார்கள். வேகனுக்கு முகம் காரின் முகம், வயிறு வேனின் வயிறு. காரில் கூரை பின் சீட்டுக்குப் பிறகு சரிந்து டிக்கியாக இறங்கிவிடும். வேகனில் அது சரியாமல் நேராகக் கடைசிவரை போய், அங்கிருந்து பொத்தென்று கீழே விழும். அந்த முழு இடமும் சாமானுக்கு. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும், மழை பெய்தால் அதன் கீழே இரண்டு பேர் நனையாமல் நிற்கலாம். சாமான் வைக்கும் தளம் முழங்கால் உயரத்தில் இருப்பதால் மூட்டையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, தள்ளினாலே போதும். பின் சீட்டு அறுபதுக்கு நாற்பது என்று இரண்டாக மடியும். சின்னப் பக்கத்தை மடித்தால் இரண்டு பேரும் ஒரு நீளமான சாமானும் போகலாம். முழுதாக மடித்தால் ஒருவர் காலை நீட்டிப் படுக்கலாம். யாரும் பார்க்காத நேரத்தில் நானே படுத்திருக்கிறேன்.

இவ்வளவு நல்ல வண்டி ஏன் விற்கவில்லை? கலவானையிலிருந்து வந்த ஒரு ஆசிரியர் பின்கதவைத் திறந்து பார்த்து, இரண்டு கையாலும் அகலம் அளந்து, “பெட்டி வைக்கிற வண்டி மாதிரி இருக்கே” என்றார். என்ன பெட்டி என்று நான் கேட்கவில்லை. வெள்ளை நிறம் வேறு. அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் பிண வண்டியைக் கண்டதுபோல அந்த வேகனைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளியே நடந்தார்கள்.

குறையும் இருக்கிறது, மறைக்கக்கூடாது. பின் சில்லுக்கு அப்பால் உடம்பு நீளம். அங்கே பாரம் ஏறினால் வால் தணிந்து மூக்கு தூக்கும், ஹெட்லைட் தென்னை மரத்து உச்சியைப் பார்க்கும். ஸ்பெயார் சில்லும் ஸ்பானர் சாவிகளும் சாமான் தளத்துக்கு அடியில். ரோட்டில் ஏதாவது ஆனால் சாமான் முழுவதையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் ஒரு சாவியை எடுக்கலாம். இதை வரைந்த மனிதருக்கு வீட்டுச் சாமான் வாங்கிப் பழக்கமே இல்லை என்று நினைக்கிறேன்.

3. மடுவத்தில் ஊஞ்சல்

செவ்வாய்க்கிழமை ஒரு போன் வந்தது. பேசியவர் ஆறுமுகம். றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்கள் பறிக்கிற கொழுந்தை மடுவம் என்கிற கொட்டகையில் நிறுத்து, பெயருக்கு நேரே கிலோ எழுதுகிற வேலை.

“போட்டோ பாத்தேங்க. வேகன்ல ஆட்டுக்கெடா ஏறுங்களா?”

“ரெண்டு ஏறுங்க ஐயா.”

“ஒண்ணுதான் நேந்திருக்கோம். சரி, வண்டி எங்க மேல் டிவிஷன் ரோட்டுல ஏறுமான்னு பாக்கணுமே. வியாழக்கிழமை போயா லீவு. குடும்பத்தோட றக்வானைக்குச் சாமான் வாங்க வருவோம். நீங்க வண்டியோட வந்து எங்கள வீட்ல கொண்டு விடுங்க. ஏறிடுச்சுன்னா வெள்ளிக்கிழமையே எழுதிக்கலாம்.”

வியாழக்கிழமை காலையில் கூரையைக் கழுவிக்கொண்டு புறப்பட்டேன். றக்வானை பஸ் ஸ்டாண்டில் நான்கு பேர் ஏழு பொதிகளோடு நின்றார்கள். ஆறுமுகம் ஐயா, அவர் மனைவி பொன்னம்மா, பொன்னம்மாவின் தங்கை மாரியாயி, மருமகள் செல்வி. மகன் கொழும்பில் வேலை, அவன் வந்துதான் வண்டி ஓட்டுவானாம். அக்கா தங்கை இரண்டு பேரும் அதே தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்கள். லேசான தூறல், எல்லோரும் கொஞ்சம் நனைந்திருந்தார்கள்.

நான் ஆறுமுகம் ஐயாவுக்கு முன்கதவைத் திறந்துவிட்டு, வழி நெடுக அவரிடமே பேசினேன். ஆயிரத்து ஐந்நூறு சீசீ எஞ்சின், ஓட்டோ கியர், ஏற்றத்துக்கு ‘எல்’, பின் கண்ணாடிக்கும் வைப்பர். அவர் முன்னால் இருந்த கோப்பை வைக்கும் ஓட்டையில் வெற்றிலைப் பையை வைத்துப் பார்த்து, “அளந்து செஞ்ச மாதிரி இருக்கு” என்றார். பின்னால் பெண்கள் மூன்று பேரும் வாயே திறக்கவில்லை. நானும் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

தோட்டத்துக் கீழ் டிவிஷனில், வால் தணிவது கண்ணாடியில் தெரிந்தது. எதற்கும் சொல்லி வைப்போம் என்று, “ஐயா, டிரைவரோட சேத்து ஆளு, சாமான் எல்லாம் முந்நூத்தி எழுபத்தஞ்சு கிலோதான் ஏத்தணும். கதவுல ஒட்டியிருக்கு” என்றேன்.

“அப்படியா? அப்ப நெறுத்துப் பாத்துரணும். நிப்பாட்டுங்க.”

நிறுத்திய இடம் கொழுந்து மடுவம். போயா என்பதால் ஆள் இல்லை. இப்போதைய கணக்கப்பிள்ளை இவரிடம் தொழில் பழகியவராம். பக்கத்து வீட்டிலிருந்த அவரிடம் கேட்டதும் சாவி வந்துவிட்டது. ஆறுமுகம் ஐயா உள்ளே நுழைந்ததும் பத்து வயது குறைந்த மாதிரி ஆனார். கொழுந்துச் சாக்கு மாட்டுகிற தராசுக் கொக்கியில் கயிறு கட்டி, பலகை ஒன்றை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டு, முள்ளைச் சரிசெய்து பூச்சியத்தில் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து கொப்பி வந்தது, காதிலிருந்து பென்சில் வந்தது.

“ஒவ்வொருத்தரா வாங்க. தள்ளாதீங்க.”

தள்ளுவதற்கு அங்கே நான்கு பேர்தான் இருந்தோம்.

முதலில் பொன்னம்மா அக்கா பலகையில் உட்கார்ந்து காலைத் தூக்கினார். முள் எழுபதில் நின்றது. ஆறுமுகம் ஐயா கொப்பியில் அறுபத்தைந்து என்று எழுதினார். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். மாரியாயி அக்கா அறுபத்தாறு, எழுதியது அறுபத்தொன்று. செல்வி ஐம்பத்தெட்டு, எழுதியது ஐம்பத்துமூன்று. பிறகு என்னைக் கூப்பிட்டார். நாற்பத்தேழு வயதில் ஊஞ்சலில் உட்கார்ந்து, டையைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கினேன். எழுபத்தெட்டு. எழுபத்துமூன்று என்று எழுதினார். கடைசியில் அவர் உட்கார, முள்ளை நான் பார்த்துச் சொன்னேன், எண்பது. தனக்கும் எழுபத்தைந்து என்றே எழுதிக்கொண்டார். பாரபட்சம் பார்க்கிற ஆள் இல்லை.

“ஐயா, இந்த அஞ்சு எதுக்கு?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஈரத்துக்குங்க. மழை நாள்ல கழிக்காம எழுதுனா கணக்கு நிக்காது.”

அப்புறம் ஏழு பொதி. பொதிக்கு இரண்டு கிலோ, பைக்காகக் கழிவு. கூட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “முந்நூத்தி எழுபத்தி மூணு. இன்னும் ரெண்டு கிலோ மிச்சம். தாராளமா ஏறும்.”

எனக்கு மனக்கணக்கு வரும். பொதிகள் அறுபது கிலோ. கழிக்காமல் கூட்டினால் நானூற்றுப் பன்னிரண்டு. ஈரமும் பையும் வண்டிக்கு வெளியே நடந்து வரப்போவதில்லை, அவையும் உள்ளேதான் ஏறப்போகின்றன. இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. சொன்னால் விற்பனை போய்விடும், சனிக்கிழமை நானும் போய்விடுவேன். ஆனால் வெட்கமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். என் அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். சாயந்தரம் வீட்டுக்கு வந்து கூடையை இறக்கும்போதெல்லாம், “இன்னைக்கும் மூணு கிலோவ எந்தச் சாமி தின்னுச்சோ” என்பார். அந்தச் சாமி எப்படித் தின்னும் என்பதை அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே பொதிகளை வண்டியில் ஏற்றினேன்.

4. மூன்றாம் முடக்கு

மேல் டிவிஷன் ரோட்டில் ஐந்து முடக்கு, ஒவ்வொன்றும் செங்குத்தான வளைவு. முதல் இரண்டையும் ‘எல்’லில் போட்டு, மூச்சுப் பிடித்து ஏறிவிட்டேன். ஆறுமுகம் ஐயா தானே வண்டியை ஓட்டுவதுபோல் முன்னால் சாய்ந்திருந்தார். மூன்றாம் முடக்கில் தண்ணீர் போகச் சின்னக் கல்பாலம் ஒன்று மேடு தட்டிக் கிடக்கிறது. முன்சில்லு ஏறி இறங்கிற்று. பின்சில்லு மேட்டில் ஏறப் பார்த்தது. வால் தணிந்து அடியில் ஒரு சத்தம், அங்கேயே நிறுத்தினேன். அதற்குப் பிறகு எங்கள் வேகன் ட்ரக்டர் குரலில் பேச ஆரம்பித்தது.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். சைலன்சர் கொக்கி அறுந்து, குழாய் ரோட்டில் கிடந்தது. என் வேலையும் அதன் பக்கத்திலேயே கிடப்பதுபோல் இருந்தது. விற்க வேண்டிய வண்டியை உடைத்துக்கொண்டு போனால் முதலாளி “ஹரித” கூடக் கேட்கமாட்டார்.

எல்லோரும் இறங்கினார்கள். கட்டுகிற கம்பி சாமான் தளத்துக்கு அடியில் இருந்தது. ஏழு பொதியையும் தூறலில் இறக்கிப் பாலத்தோரம் அடுக்கினோம்.

“கணக்குல பிழை இல்ல,” என்றார் ஆறுமுகம் ஐயா, யாரும் கேட்காமலே. “வண்டியிலதான் என்னமோ கோளாறு.” கொப்பியை எடுத்து உரக்கப் படித்தார். “பொன்னம்மா அறுபத்தஞ்சு, மாரியாயி அறுபத்தொண்ணு...”

“நில்லுங்க,” என்றார் பொன்னம்மா அக்கா. காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. “நான் எத்தன?”

“அறுபத்தஞ்சு.”

அக்கா கைப்பையைத் திறந்து பிரஷர் கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். “முந்தாநாளு நர்ஸ் மிஸ் நெறுத்து எழுதுனது. எழுவது. ரெண்டு நாள்ல அஞ்சு கிலோ எங்க போச்சு?”

“அது ஈரத்துக்குக் கழிச்சது.”

“ஈரம் மடுவத்துலயா நின்னுடுச்சு? இந்தா, என் சீலையிலதானே இருக்கு! இதுவும் வண்டியில குந்திக்கிட்டுத்தானே வந்துச்சு?”

செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் மாவு மூட்டைக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டாள். மாரியாயி அக்கா சிரிக்கவில்லை.

“அத்தான், அப்ப இத்தன வருசமும் எங்க கொழுந்துலயும் இப்படித்தானா? மழ பேயாத நாளும் கழிச்சீங்களே, அது என்னத்துக்கு?”

“வெயில் நாள்ல பைக்கு. அது வழக்கம், மாரி. மேலேருந்து சொன்னது.”

“எனக்குமா?” என்றார் பொன்னம்மா அக்கா. “கட்டுன பொண்டாட்டிக்குமா கழிச்சீங்க?”

ஆறுமுகம் ஐயா நிமிர்ந்து நின்றார். இந்தக் கேள்விக்கு மட்டும் அவரிடம் பெருமையான பதில் இருந்தது. “பொண்டாட்டின்னு உன்ன விட்டா மத்த பொம்பளைங்க என்ன பேசுவாங்க? உனக்கு அர கிலோ கூடவேதான் கழிச்சேன்.”

நான் சட்டென்று வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். சைலன்சரைக் கட்ட வேண்டியிருந்தது என்பது உண்மை. அந்த நேரத்தில் வேறெங்கும் இருக்க விருப்பமில்லை என்பதும் உண்மை. மேலே மழை கொஞ்சம் பலத்தது. அதைவிடப் பலமாக அக்கா தங்கை இரண்டு பேரும் வருடக்கணக்கில் போன கிலோக்களை, கொழுந்து பறித்த ஒவ்வொரு மலையாகப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கம்பியை முறுக்கி முடிக்கும்போது பொன்னம்மா அக்காவின் செருப்பு என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

“தம்பி, வெளிய வாங்க.”

வந்தேன்.

“நீங்க பக்கத்துலயே நின்னு முள்ளப் பாத்தீங்க. கழிக்காம மொத்தம் எத்தன?”

வியாபாரத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தால் சுற்றிவளைக்க நூறு வழி இருக்கிறது. எல்லாமே எனக்குத் தெரியும். ஆனால் அவர் நின்ற நிற்பு மடுவத்து வாசலில் என் அம்மா நின்ற நிற்பு.

“நானூத்திப் பன்னெண்டுக்கா.”

“வண்டிக்கு எத்தன ஆகும்?”

“முந்நூத்தி எழுபத்தஞ்சு.”

“அப்ப மடுவத்துலயே ஏன் சொல்லல?”

“சனிக்கிழமைக்குள்ள இத விக்கலேன்னா எனக்கு வேல இல்லக்கா. அதான் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். உங்க ரோட்டுல அஞ்சு பேரும் சாமானுமா ஏறுனா இது தட்டத்தான் செய்யும். நாலு பேரும் சாமானும்னா ஏறும். அதுவும் கனமான மூட்டைய பின் சீட்டோட ஒட்டி வைக்கணும், வால் பக்கம் வைக்கக்கூடாது.”

சொல்லி முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது. கூடவே மகள் முகமும் வந்தது. பொன்னம்மா அக்கா கிளினிக் கொப்பியைக் கைப்பையில் வைத்து மூடினார். பிறகு கொப்பியோடு நின்ற கணவரைப் பார்த்தார்.

“இவரு எத்தன?”

“எண்பதுக்கா.”

“கழிக்காம?”

“கழிக்காம.”

“எண்பது எறங்கினா?”

“முந்நூத்தி முப்பத்திரெண்டு. தாராளமா ஏறும்.”

“சாமானெல்லாம் ஏத்துங்க,” என்று சொல்லிவிட்டு, பொன்னம்மா அக்கா முன்கதவை அவரே திறந்து, வெற்றிலைப் பையை எடுத்துக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

அரிசி மூட்டையைப் பின் சீட்டோடு ஒட்டி வைத்தேன். கம்பி கட்டிய சைலன்சரோடு வேகன் பாலத்தைத் தாண்டியது. தட்டவில்லை. நான்காம் முடக்கும் ஐந்தாம் முடக்கும் ‘எல்’லிலேயே சிரமமில்லாமல் ஏறிற்று. கண்ணாடியில் ஆறுமுகம் ஐயா குடையை விரித்துக்கொண்டு, கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வருவது தெரிந்தது.

லயத்து வாசலில் வண்டி நின்றதும் பொன்னம்மா அக்கா சொன்னார். “நாளைக்கு வாரேன், எழுதிருவோம். ஓய்வு பெறயில தோட்டத்துல குடுத்த என் சேவைக்காசுலதான் வாங்குறது. அவரு போன் பேசுனதோட சரி.”

காலையிலிருந்து யாரிடம் சீசீயும் வைப்பரும் பேசினேனோ அவர் வாங்குகிறவரே இல்லை. வாங்குகிறவரைப் பின்சீட்டில் மூட்டையோடு மூட்டையாக உட்காரவைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பதினேழு வருட அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

“அக்கா, தட்டும்னு சொல்லியும் வாங்குறீங்களா?” என்று கேட்டேன்.

“எத்தன ஏறும், எத்தன ஏறாதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. அது போதும். சைலன்சர நல்லதா மாத்திக் குடுங்க.”

வெள்ளிக்கிழமை எழுதினோம். முதலாளி என் தோளைத் தட்டி, “எப்படி வித்த?” என்றார். ஏறாது என்று சொல்லி விற்றேன் என்றேன். எனக்கு மழையில் காய்ச்சல் கண்டிருக்கிறது என்று நினைத்து, இரண்டு பனடோல் மாத்திரையும் அரை நாள் லீவும் கொடுத்தார்.

இரண்டு மூன்று மாதம் கழித்து வேறொரு வண்டி காட்ட றக்வானைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் ஆறுமுகம் ஐயா தனியாக நின்றார்.

“என்னங்க ஐயா, வேகன் எங்க?”

“போயிருச்சு. மவன் வந்திருக்கான், அவங்க நாலு பேரும் சாமானோட ஏறிட்டாங்க. இன்னொரு ஆளு ஏறுனா தட்டும்னுட்டா பொன்னம்மா.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தராசு ஒண்ணு வாங்கி வீட்டு வாசல்ல வச்சிருக்கா தம்பி. எல்லாரையும் ஏத்தி அவளே எழுதுறா. ஒரு கிலோ முன்ன பின்ன விடமாட்டேங்கிறா. எனக்கு வேலை பழக்குன பெரிய கணக்கப்பிள்ளைகூட இவ்வளவு கறார் இல்ல.”

சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. தன்னைவிட நன்றாக ஒருவர் வேலை செய்வதைப் பார்க்கிற ஆளின் மரியாதைதான் இருந்தது. பஸ் வரும்வரை அவரோடு நின்று பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். வண்டி எவ்வளவு தாங்கும் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நாங்கள் வண்டி விற்கிற வீடுகளில் பாதி, ஆயுள் முழுக்க யாரோ கழித்து எழுதிய எண்ணோடு வாழ்ந்த வீடுகள். முழு எண்ணைச் சொல்கிற ஆளை அவர்கள் மறக்கமாட்டார்கள். நான் அதைச் சொன்னது உண்மைதான், ஆனால் ஒரு பெண் மழையில் நின்று கேட்ட பிறகுதான் சொன்னேன். கேட்பதற்கு முன்னால், மடுவத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். என் அம்மாவுக்காகவாவது சொல்லியிருக்க வேண்டும்.